கிணற்றில் இருப்பவளுக்கு ஓர் இலை

ஆனைப்பாறை மடத்தில் பாடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. இருபத்தேழு பழங்கதைகள் உண்டு. சீடராக வருகிறவர் அவற்றைக் கேட்டு மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிறகு ஒருநாள் அவராகவே இரண்டு கதைகளை எடுத்து, குருவின் முன்னால் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். குரு தலையசைத்தால் அன்று மாலையே காவி. அசைக்காவிட்டால் வந்த வழியே வீடு.

சிற்றம்பலத்துக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். 'கதைமாந்தரை ஒப்பிடுக' என்று எத்தனை வினாத்தாளில் கேட்டிருப்பார், எத்தனை பிள்ளைகளின் விடையைச் சிவப்பு மையால் சுழித்திருப்பார். குரு உலகம்மைக்கு அவரைவிடப் பதினெட்டு வயது குறைவு. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டில்தான்.

அவர் மனைவி வடிவுக்கு இரண்டு வருஷமாக ஞாபகம் இல்லை. கட்டின புருஷனையே அடையாளம் தெரியவில்லை. அவளை அம்பாசமுத்திரத்தில் அவள் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, இனி எனக்கு உலகத்தில் என்ன இருக்கிறது என்று மடத்துக்கு வந்துவிட்டார். குரு தலையசைக்காவிட்டால் அவளைக் கூட்டிக்கொண்டு பழைய வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும்.

"சொல்லுங்க வாத்தியாரே" என்றார் உலகம்மை.

சிற்றம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். முதல் கதை ஒரு மிளகு வியாபாரியுடையது. அவன் வெளியூர் போயிருந்தபோது மனைவி கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். சேதி கேட்டு ஊர் திரும்புகிறான். உச்சிவேளை. கிணற்றைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அவள் கூப்பிடுகிறாள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். நடந்து நடந்து மலையேறி ஞானியாகிறான்.

இரண்டாவது கதை ஒரு குயவனுடையது. அவன் மனைவிக்கும் கிணற்றில்தான் சாவு. அதே உச்சிவேளை, அதே கூப்பாடு. இவன் கயிற்றைப் பிடித்து இறங்கிவிடுகிறான். ஊர்க்காரர்கள் கயிற்றை இழுத்தபோது கயிறு மட்டும் மேலே வந்தது. அது நனையவே இல்லை.

"வியாபாரி பற்றை அறுத்தவன். குயவன் பற்றுல முழுகினவன்" என்றார் சிற்றம்பலம். "கிணறுங்கிறது ஆசை. கயிறுங்கிறது பந்தம். கருப்பொருள் ஒண்ணு, பாத்திரம் ரெண்டு. ரெண்டு பேர்ல வியாபாரிதான் உசந்தவன்."

பத்துக்குப் பத்து போடலாம் என்று அவருக்கே தோன்றியது.

"அவ?" என்று கேட்டார் உலகம்மை.

"எவ அம்மா?"

"கூப்பிட்டவ."

"அவ பாத்திரமே இல்லம்மா. ரெண்டு கதையிலயும் அவளுக்குப் பேர்கூடக் கிடையாது. கதையை நகர்த்த ஒரு குரல் வேணும்ல, அதுக்கு வச்சது."

"என்ன சொல்லிக் கூப்பிட்டா?"

"அது கதையில இல்ல. 'கூப்பிட்டாள்'னு மட்டும்தான் இருக்கு."

உலகம்மை தலையை அசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்தது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கதை சொன்னவர் அன்றைக்குக் கதையில் வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுத்தான் தான் உட்கார வேண்டும். வரவழைத்தவரைப் பட்டினி போடக் கூடாது என்பார்கள். சிற்றம்பலம் வியாபாரிக்கு ஓர் இலை, குயவனுக்கு ஓர் இலை போட்டார். சோறும் குழம்பும் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொண்ணு போடுங்க" என்றார் உலகம்மை.

குருவுக்கும் கொஞ்சம் கிறுக்கு உண்டு போல என்று நினைத்துக்கொண்டே அவர் மூன்றாவது இலையைப் போட்டுப் பரிமாறினார்.

"அவ கிணத்துலல்லா இருக்கா, பந்திக்கு எப்படி வருவா? இலையை மடிச்சு எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு வாங்க."

மடத்துக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு உண்டு. தண்ணீர் வற்றி நாற்பது வருஷம் ஆகிறது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள்தான் சிற்றம்பலம். ஆனாலும் வெயில் நட்டநடுவில் நின்றது, அவர் நிழல் அவர் காலடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது, ஒரு காக்கைகூடக் கரையவில்லை. உச்சிவேளையில் கிணற்றடிக்குப் போகாதே என்று சின்ன வயதில் கேட்டதெல்லாம் வேண்டாத நேரத்தில் நினைவுக்கு வந்தது.

எட்டிப் பார்த்தார். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இலைப் பொட்டலத்தை உள்ளே போட்டார். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு கல்லை எடுத்துப் போட்டார். அதுவும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண் பேசினாள். ஆழத்திலிருந்து வரும் குரலாக அது இல்லை. அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி பக்கத்தில் கேட்டது.

"யாரு வந்திருக்கீக? உக்காருங்க. அவுக இப்ப வந்துருவாக."

அது வடிவின் குரல். வார்த்தையும் அவளுடையதுதான். இரண்டு வருஷமாக அவர் எப்போது வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, இதையேதான் சொன்னாள். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதல் சில மாதம் அவர், "நான்தாம்ளா வடிவு" என்று சொல்லிப் பார்த்தார். அவள் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு, "அவுக வார வரைக்கும் இருங்க" என்பாள். பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார். விருந்தாளி மாதிரி தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். அந்தச் செம்பை நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

"உக்காருங்க" என்றது குரல் மறுபடியும்.

அவர் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் போயிற்றோ, எழுந்தபோது நிழல் கிழக்கே நகர்ந்திருந்தது. விழுந்தடித்துக்கொண்டு மடத்துக்கு ஓடினார்.

உலகம்மை இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"ஏதாவது சொன்னாளா?"

சிற்றம்பலம் கேட்டதைக் கேட்டபடியே சொன்னார். வீட்டில் தன் மனைவி வடிவு நாற்காலி போட்டு இதையே சொல்வதையும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு வகுப்பிலும் அவருக்கு அப்படி ஆனதில்லை.

"அது வடிவு இல்லம்மா. வடிவு உசிரோட இருக்கா. இங்க எப்படி அவ குரல் கேக்கும்?"

உலகம்மை எதிரே உட்காரும்படி கையைக் காட்டினார்.

"எனக்கு இந்தக் காவி வேணும்மா. அந்த வீட்டுக்குப் போய் இன்னொரு நாள் அந்த நாற்காலியில உக்கார என்னால ஆகாது. அதுக்காகத்தான் அந்த ரெண்டு கதையையும் எடுத்தேன். வியாபாரி உசந்தவன்னு நீங்க ஒத்துக்கிட்டா நானும் நிம்மதியா நடந்துருவேன்னு நினைச்சேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பவாவது சொல்லுங்க. திரும்பிப் பாக்காம நடந்தவன் செஞ்சது சரியா, உள்ள இறங்கினவன் செஞ்சது சரியா?"

உலகம்மை எழுந்து ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் கேட்டார்.

"யாரோ இப்ப வந்துருவாகன்னு அவ சொன்னதாச் சொன்னீங்களே, யாரு?"

"அவ வீட்டுக்காரர்" என்றார் சிற்றம்பலம்.

"வந்தாரா?" என்று கேட்டார் உலகம்மை.