கூழைக்கடா வாயில் அடக்கிய தீர்ப்பு

மீன் பேசினால் பறவைக்கும் பறவை பேசினால் முதலைக்கும் புரிந்த அந்தக் காலத்தில், கொற்றனேரி என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரியின் நடுவே ஒரு மண்திட்டு. திட்டு நிறையக் கருவேல மரங்கள். ஏரியின் உச்ச மன்றம் அங்கேதான் கூடும். கரையோரச் சச்சரவுகளைக் கரையிலேயே தீர்த்துக்கொள்வார்கள். அங்கே தீராதவையும், ராஜாவின் மேலேயே உள்ள முறையீடுகளும் திட்டுக்கு வரும். திட்டில் சொன்ன சொல்லுக்கு மேல் சொல் கிடையாது.

மன்றத்தின் தலைமை நீதிபதி ஒரு கூழைக்கடா. அப்போது அவளுக்குத் தாடையில் பை இல்லை. கொக்குக்கு இருப்பதுபோல் ஒட்டிய அலகுதான். குரல் மட்டும் பெரியது. அவள் தீர்ப்புச் சொன்னால் இரண்டு கரைக்கும் கேட்கும். ஏரியின் ராஜா கராளன் என்ற முதலை. ஒருமுறை அவன் தம்பியையே ஏரியை விட்டுப் போகச் சொன்னாள் கூழைக்கடா. கராளன் மறுபேச்சுப் பேசாமல் ஒதுங்கி வழிவிட்டான்.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் வரவில்லை. ஏரி சுருங்கிச் சுருங்கி, திட்டை ஒட்டிய ஆழமான மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. வறட்சியில் மடு எல்லோருக்கும் பொது, யாரும் யாரையும் விரட்டக் கூடாது என்பது ஏரியின் பழைய சட்டம். பசிக்கு ஒன்றை ஒன்று தின்பது வேறு, தண்ணீரை மறிப்பது வேறு என்பது அன்றைய நியாயம்.

கராளன் ஒரு நாள் மடுவின் வாயில் குறுக்கே படுத்தான்.

"மழை வர்ற வரைக்கும் மடு எங்க கூட்டத்துக்கு மட்டும்தான். ராஜா செத்துட்டா ஏரியை யார் காப்பாத்துறது? மத்தவங்க வேற இடம் பார்த்துக்குங்க" என்றான்.

சிறகு வலுத்தவர்கள் பறந்து போனார்கள். தண்ணீரில் முங்கி இரை தேடும் சின்னப் பறவையான முக்குளிப்பான் குமிழியால் போக முடியவில்லை. அவளுக்குக் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருந்தன. நீந்தத்தான் வரும், தரையில் இரண்டடி வைத்தாலே குப்புற விழுவாள். முதுகில் ஏறிக்கொள்ளும் பருவத்தில் குஞ்சுகள் வேறு. கரையோரம் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையிலிருந்து சேற்றில் நெஞ்சால் இழைந்து இழைந்து அவள் திட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"அம்மா, மடு எல்லாருக்கும் பொதுன்னு சட்டம் இருக்கா இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றாள் கூழைக்கடா.

"அப்ப அதைச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கராளனையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். "சட்டத்தை நான் அழிக்கலையே, கொஞ்ச காலம் தள்ளி வெச்சிருக்கேன்" என்றான் அவன்.

கூழைக்கடாவுக்குப் பக்கத்துக் கிளையில் சாம்பல் நாரை உட்கார்ந்திருந்தார். மன்றத்தில் அவர் இரண்டாம் நீதிபதி. "இதுல யோசிக்க என்ன இருக்கு? இப்பவே சொல்லிடுவோம்" என்று அவள் காதருகே சொன்னார்.

கூழைக்கடாவுக்கும் தீர்ப்பு தெரிந்துதான் இருந்தது. வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஆனாலும், "சாயங்காலம் சொல்றேன்" என்று எல்லோரையும் அனுப்பிவைத்தாள்.

மதிய வெயிலில் கராளன் அவளுடைய கூடு இருந்த மரத்தடிக்கு வந்து படுத்தான். மேலே குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருந்தன.

"புள்ளைங்க நல்லா இருக்காங்களாம்மா?" என்று கேட்டான்.

"இருக்காங்க."

"நான் திட்டைச் சுத்திப் படுத்திருக்கறதால நரி வர்றதில்ல. இல்லேன்னா இந்தச் சேத்துல நடந்தே வந்துடும்."

"என்னை மிரட்டுறியா?"

"ஐயய்யோ, இல்லம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்க மடுவைத் திறன்னு சொல்லுவீங்க. நான் திறக்க மாட்டேன். உங்களுக்குப் பல்லு இல்ல. நகம் இல்ல. ராஜா கேக்கலேன்னா உங்க சொல்லு வெறும் சத்தம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அதுக்கப்புறம் திட்டுக்கு எவன் வருவான்? சொல்லாத தீர்ப்பை யாராலயும் மீற முடியாதும்மா."

அவன் போன பிறகு அவள் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். குஞ்சுகளுக்காகப் பயந்தாளா, மன்றத்துக்காகப் பயந்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். "விஷயம் பெரிசு. இன்னும் ஆராயணும். வழக்கை ஒத்திவைக்கிறேன்" என்றாள்.

குமிழி குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டாள். திரும்பிச் சேற்றில் இழைந்து போனாள். அடுத்த தவணைக்கும் வந்தாள். அதற்கடுத்த தவணைக்கும் வந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் முதுகில் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. கூழைக்கடா அந்த முதுகைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டு, "ஒத்திவைக்கிறேன்" என்பாள். சொல்ல வேண்டிய வார்த்தைகள் வாய்க்குள் கனத்தன. ஒவ்வொரு தவணையிலும் அவற்றைக் கீழ்த்தாடையில் அழுத்தி அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு தவணைக்குக் குமிழி வரவில்லை. சாம்பல் நாரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பாதி வழியில கெடக்கா. முகம் திட்டைப் பார்த்தபடியே இருக்கு" என்றார்.

கூழைக்கடா தலையைத் தொங்கப்போட்டாள். "நான் என்ன செய்யட்டும்? சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான்."

"கேட்டிருக்க மாட்டான்தான். ஆனா தப்பு அவனோடதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப அது நம்மளோடதாயிடுச்சு" என்றார் நாரை. கிளையை விட்டு இறங்கி, தனியே கரைப் பக்கம் நடந்தார். பிறகு அவர் திட்டுக்குத் திரும்பவே இல்லை.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி இரு கரையும் தொட்டு நிறைந்தது. கராளன் சோம்பல் முறித்து மடுவை விட்டு நகர்ந்தான். "இனிமே யார் வேணும்னாலும் குடிச்சுக்கலாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னான். போனவர்களில் பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள்.

இப்போது சொன்னால் யாருக்கும் கஷ்டமில்லை, சட்டமாவது நிலைத்து நிற்கும் என்று நினைத்தாள் கூழைக்கடா. எல்லோரையும் திட்டுக்கு வரச் சொன்னாள். நனைந்த மரங்களில் பறவைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தன. கராளனும் வந்து தண்ணீரில் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தான்.

அவள் அலகைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கழுத்தை நிமிர்த்தி மறுபடியும் திறந்தாள். அத்தனை காலம் அடக்கிவைத்த வார்த்தைகளின் பாரத்தில் கீழ்த்தாடைத் தோல் இழுபட்டு, வெறும் பையாகத் தொங்கியது. அதிலிருந்து மழைத்தண்ணீர்தான் வழிந்தது.

பறவைகள் கொஞ்ச நேரம் காத்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து போயின. யாரும் சிரிக்கவில்லை. கராளன்கூடச் சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி, யார் பங்கு எது என்று கேட்காமல் கண்ணில் பட்ட துறையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்த மழைக்காலம் தொட்டுத்தான் கூழைக்கடா தாடையில் பையைச் சுமந்துகொண்டு ஊமையாய்த் திரிகிறது. முதலை அசைந்தால் நீர்ப்பறவைகள் யாரிடமும் முறையிடாமல் கலைந்து பறப்பதும் அன்றிலிருந்துதான். கூட்டில் இருக்கும் கூழைக்கடாக் குஞ்சுகள் மட்டும் இன்றும் ஓயாமல் கத்துகின்றன, வளர வளர அவையும் வாயடைத்துப் போகின்றன.