நடு இல்லாத வயல்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன், இடுப்பு கடுக்கிறது, நீட்டி முழக்க முடியாது.

எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் களையெடுக்கிறவள் அங்காயி அக்கா. ஒருநாள் பண்ணையின் பெரிய அதிகாரி ஊரைக் கூட்டினார். பட்டணத்து அம்மா ஒருவரும் பார்வையிட வந்திருந்தார். பாதித் தண்ணீரில் இரண்டு மடங்கு விளைந்ததென்று ஒரு வயலைக் காட்டினார் அதிகாரி.

"அங்காயி, அடுத்த போகம் உன் பொறுப்புல இருக்கிற வயலும் இப்படி விளையணும். இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

அவளுக்கு அந்தக் கூலியை விட்டால் வேறு வழியில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"விளைய வச்சிடலாம் ஐயா. நடு இல்லாத வயலா ஒண்ணு குடுங்க. ஓரம் மட்டும் இருந்தாப் போதும்."

"நடு இல்லாத வயலா? வெயில்ல மூளை கலங்கிடுச்சா?"

"நீங்க அளந்தது அப்படித்தானே ஐயா? பூட்ஸுல சேறு ஒட்டும்னு வரப்புல நின்னே, ஓரத்துல மரச் சட்டத்தை வச்சு, அதுக்குள்ள இருந்ததை மட்டும் அறுக்கச் சொல்லி, அதையே முழு வயலுக்கும் கணக்காக்கினீங்க. ஓரத்துப் பயிருக்கு வெயிலும் காத்தும் கூட. கொழிக்கத்தானே செய்யும்?"

எல்லாரும் அவர் பூட்ஸைப் பார்த்தார்கள். பளபளவென்றிருந்தது.

"நடுவுல இறங்கி அளங்க," என்றார் பட்டணத்து அம்மா.

அதிகாரி முழங்கால் சேற்றில் நின்று அளந்தார். எப்போதும் போலத்தான் விளைந்திருந்தது. அக்காவின் வேலைக்கு ஆபத்தில்லை. மறுநாளும் குனிந்து களைதான் எடுத்தாள்.

"களைப்பா இல்லையாக்கா?" என்றேன்.

"அது ஓரத்துலயும் நடுவுலயும் ஒரே அளவுதான்டி," என்றாள்.

எனக்கும் அப்படித்தான், விடிந்ததிலிருந்து இந்த... இதோ வரேன் அத்தே, பிள்ளை முழிச்சிட்டானா, கீரையை மட்டும்...