ஒன்பது பலகையும் ஒரு பலகையும்

செங்கோட்டை மரப்பட்டறையில் தடிகளைப் பலகைகளாக அறுத்துவந்த சங்கிலி ரம்பம் தேய்ந்துபோயிற்று. அறுத்த பலகை ஒவ்வொன்றும் இடப்புறமே வளைந்தது. அறுப்பாளன் மாசாணம் புதிய ரம்பம் கேட்டான்.

"ரம்பத்துக்கு ஒண்ணுமில்ல. உன் கைதாம்லே கோணல். நாளையில இருந்து வராத" என்றார் முதலாளி தவசிமுத்து.

"சரி மொதலாளி. நேரா எப்படி அறுக்கணும்னு ஒரு பலகை மட்டும் அறுத்துக் காட்டிருங்க."

மாசாணம் அறுத்துக்கொண்டிருந்த தடியிலேயே, அதே ரம்பத்தால் முதலாளி ஒரு பலகையை அறுத்தார். அவர் வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள், தான் அறுத்த ஒன்பது பலகைகளோடு அதையும் கலந்து அடுக்கிவிட்டான் மாசாணம்.

"உங்க பலகைய எடுத்துக் காட்டுங்க. இப்பவே போயிருதேன்."

முதலாளி ஒன்றை எடுத்தார், வைத்தார், வேறொன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பத்தும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. குழம்பிப்போய் நெடுநேரம் புரட்டியபின் மெல்லக் கேட்டார்:

"புது ரம்பம் எந்தக் கடையிலலே நல்லா இருக்கும்?"