கத்திரி முடிந்த தேதி

ஒரு பெருநகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடிக் கூடத்துச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கிருபாகரனின் வீடு அது. காலண்டரைக் கேட்காமல் அவர் பல்கூடத் தேய்க்க மாட்டார். அதனால் காலண்டருக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். நாட்களை நடத்துவதே தான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தது.

சன்னலுக்கு வெளியே ஒரு புங்கமரம். அதை வெட்டிவிட்டு இன்னும் நாலு கார் நிறுத்தலாம் என்று சங்கம் சித்திரையிலேயே முடிவு செய்தாயிற்று. ஆனால் கிருபாகரன் இரக்கமுள்ளவர்.

"கத்திரி முடியட்டும். அதுவரைக்கும் காருங்க நிழல்ல நிக்கட்டுமே" என்று தள்ளிவைத்தார்.

மே இருபத்தெட்டாம் தேதித் தாளில் 'அக்னி நட்சத்திரம் முடிவு' என்று அச்சாகியிருந்தது. முந்தின நாள் புங்கமரம் சன்னல் வழியே கிளையை நீட்டிக் கெஞ்சியது.

"காலண்டரய்யா, வெயில் இன்னும் போகலை. நாளைக்கு அந்தத் தாளைக் காட்டாதீங்க. காட்டினா என் உயிர் போயிடும்."

"அதெப்படி? நான் போன ஆடியிலேயே அச்சானவன். முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான்."

சன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வெயில் சிரித்தது. "நான் எங்கே போறேன்? வீட்டுக்கு வீடு ஏசிப் பெட்டி வெளியே சூடு பரிமாறுது. மரத்தை வெட்டி இடமும் போட்டுத் தர்றாங்க. இவ்வளவு உபசாரம் பண்ற ஊரை விட்டு யாராவது கிளம்புவாங்களா?"

காலண்டருக்கு முதல்முறையாகத் தன் அச்சின்மேலேயே சந்தேகம் வந்தது. மறுநாள் காலை இருபத்தேழாம் தாளை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கிருபாகரன் ஓங்கி இழுத்தார். தாள் கிழிந்து கையோடு வந்துவிட்டது.

"சுகந்தி, கத்திரி முடிஞ்சிடுச்சு! இனிமே காத்து ஜில்லுனு வரும் பாரு."

"பருவநிலையே மாறிப்போச்சுன்னு நேத்து நியூஸ்ல சொன்னாங்களேங்க" என்றாள் மனைவி.

"அது வடதுருவத்துல. பாவம், பனிக்கரடிங்க."

பனிக்கரடிகளுக்காக மெய்யாகவே வருந்தினார். பிறகு இருபத்தெட்டாம் தாளில் நல்ல நேரம் பார்த்து, ஒன்பதே காலுக்கு மரம் வெட்ட ஆளை வரச்சொன்னார்.

பத்தரைக்கு மரம் இல்லை. பத்தே முக்காலுக்கு வெயில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் நுழைந்து சோபாவில் சாய்ந்தது. "ஐயோ, ஒரு உயிரைக் கொன்னுட்டேனே" என்று காலண்டர் படபடத்து அழுதது. மின்விசிறிக் காற்றுக்கு ஆடுகிறது என்று வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

கிருபாகரன் வேர்க்க விறுவிறுக்க ஏசியைப் பதினெட்டில் வைத்தார். காலண்டரை முறைத்தார்.

"சுகந்தி, அடுத்த வருஷம் வேற கடை காலண்டர் வாங்கணும். இவன் தேதியைத் தப்பாப் போட்டிருக்கான்."