ராஜாவுக்குப் பக்கத்து இலை

ராஜாக்கள் சண்டை முடிந்த கையோடு விருந்து வைத்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

செம்மணூர் தளவாய் மாறப்பர் போரில் ஜெயித்து வந்தார். "நம் பக்கம் ஒரு உயிர்கூடப் போகவில்லை, மகாராஜா!" என்று மீசையை முறுக்கினார். செத்த வீரனின் குடும்பத்துக்குத் தளவாய் தன் பொறுப்பிலுள்ள வயலில் பங்கு கொடுப்பது அந்த ஊர் வழக்கம். யாருமே சாகவில்லை என்றால் வயலெல்லாம் தளவாய் கையிலேயே இருக்குமே!

அரண்மனையில் பந்தி பரிமாறும் சடைச்சியின் புருஷன் கொம்பையா, போருக்குப் போனவன், வீடு திரும்பவில்லை. கேட்டதற்கு, "எங்காவது ஊர் சுற்றிக்கொண்டிருப்பான், போ" என்று விரட்டினார் தளவாய்.

விருந்து நாள் வந்தது. எதிரியின் கோட்டைச் சுவரில் முதலில் ஏறியவனுக்கு ராஜாவுக்குப் பக்கத்து இலை. அவன் கை வைக்காமல் யாரும் சாப்பிடக் கூடாது. "ஏறியது கொம்பையா" என்றார்கள் வீரர்கள். தளவாய்க்குப் பயந்து மற்றதைச் சொல்லவில்லை.

சடைச்சி அவனுக்கு இலை போட்டு, சோறு வைத்து, விசிறிக்கொண்டு நின்றாள். ராஜாவின் வயிறு கூப்பாடு போட்டது.

"எங்கே அவன்?"

"ஊர் சுத்துறாராம் சாமி. தளவாய் ஐயாதான் சொன்னாங்க. வந்துடுவாரு, பொறுங்க."

"சரி, காத்திருப்போம்."

அப்பளம் நமுத்துப்போனது. தளவாய்க்குப் பசி தாங்கவில்லை. "அடியே, செத்தவன் எப்படிடி சாப்பிட வருவான்? பரிமாறு!"

பந்தியே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"சாமிக்குக் கேட்டுச்சா?" என்றாள் சடைச்சி.

ராஜா சாப்பிடாமல் எழுந்தார். திரும்பி வராத அத்தனை பேர் வீட்டுக்கும் அன்றைக்கே வயல் அளக்கச் சொன்னார். வெயிலில் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வெறும் வயிற்றோடு நடந்தவர் தளவாய் மாறப்பர்தான்.

சடைச்சி தன் வயல் வரப்பில் உட்கார்ந்து, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.