வேதாசலம் தலையாட்டிய நாள்

என்னை முதலில் சிறுமைப்படுத்தியவர் வேதாசலம். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

ஆற்றங்கரை மடத்தில் நாங்கள் இருவரும் மாணவர்கள். அவர் பி.ஏ. முடித்துவிட்டு வந்தவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஐம்பது தாண்டி மடத்துக்கு வந்தவன். இங்கே படிப்பு முடிந்ததும் மலை மடத்தில் சேர்ந்துவிடுவது என்று இருந்தேன்.

வாதப்பாடத்தில் நான் திணறிய ஒரு நாள், பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"மாசிலாமணி, உமக்கு எதுக்குய்யா வாதம்? மரியாதையா விட்டுட்டு, மலை மடத்துக்குப் போற வழியைப் பாரும்."

பந்தி சிரித்தது. ரசம் ஊற்றியவரும் சிரித்தார்.

மறுநாள் ஆசிரியர் திலகவதி அம்மாவிடம் போனேன். என்னைவிட வயதில் இளையவர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வாதப்பாடத்தை விட்டுடலாமான்னு பாக்கறேன்."

"ஏன்?"

"தை பிறந்தா மலை மடத்துல சேரணும். ஒரே ஒரு பாடத்துல தோத்தாக்கூட அங்கே சேக்க மாட்டாங்க. பாதியில விட்டவனைன்னா சேத்துக்குவாங்க."

"அப்போ விட்டுடுங்க."

எனக்குச் சுருக்கென்றது.

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அம்மா?"

"சொன்னா இருப்பீங்களா?"

"தோத்துட்டா? எனக்குப் போறதுக்கு வேற மடம் இல்லை."

கீரை உருவும் கை நிற்கவில்லை.

"விடச் சொன்னது யாரு?"

"வேதாசலம்."

"கூப்பிடுங்க. இன்னிக்கு இதையே வாதமா வெச்சுக்கலாம்."

எங்கள் மடத்து வாதத்துக்கு ஒரு முறை உண்டு. எதிராளியின் கட்சியை முதலில் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். "இதுதான் என் கட்சி" என்று அவர் தலையாட்ட வேண்டும். பிறகுதான் மறுக்கலாம்.

நான் எப்போதும் விழுவது அந்த முதல் படியில்தான். என் எதிரே உட்கார்ந்த ஒருவரும் அதுவரை தலையாட்டியதில்லை.

வேதாசலம் வந்தார். பந்தியில் சிரித்தவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"இவர் கட்சியைச் சொல்லுங்க" என்றார் அம்மா.

"இவருக்குப் பொறாமை. அதான் என்னை விடச் சொல்றார்."

வேதாசலம் இல்லையென்று தலையசைத்தார்.

"பி.ஏ. படிச்ச திமிர்."

அதற்கும் இல்லை. யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

"இவர் வாயில வர்றதைச் சொல்லுங்க. உங்க வாயில வர்றதை இல்லை" என்றார் அம்மா.

நான் வேதாசலத்தின் முகத்தைப் பார்த்தேன். மடத்துக்கு வந்த ஒன்றரை வருஷமாக அந்த முகத்தை நான் பார்த்ததில்லை, முறைத்துத்தான் இருக்கிறேன்.

மெதுவாகச் சொன்னேன்.

"மாசிலாமணிக்கு இருக்கிறது ஒரே கதவு. வாதத்துல தோத்தா அதுவும் சாத்திக்கும். தோக்கத்தான் போறார். ஏன்னா, எதிராளி பேசும்போது அவர் கேக்கறதில்லை. கோபத்தை மென்னுக்கிட்டு உக்காந்திருக்கார். அடுத்தவன் சொல்றது காதுல விழாதவனுக்கு வாதம் வராது. அதனால விட்டுடணும்."

யாரும் இருமவில்லை.

வேதாசலம் தலையாட்டினார்.

"நான்கூட இவ்வளவு நல்லாச் சொல்லலையே" என்றார்.

"இப்போ மறுக்கலாம்" என்றார் அம்மா.

"மறுக்க என்ன இருக்கு அம்மா? என் காதுல விழாதுன்னார். அவரே இப்போ தலையாட்டினார்."

ரசம் ஊற்றுகிறவர்தான் முதலில் தொடையைத் தட்டினார். பிறகு எல்லோரும்.

தோற்றவர் எழுந்து நின்று "ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். அதுவும் முறைதான்.

வேதாசலம் எழுந்தார். வேட்டியைத் தட்டினார்.

"கீரை முத்தலா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"நாளைக்கு வகுப்புக்கு வருவீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"வருவேன். அவர் 'ஏற்றுக்கொண்டேன்'னு சொல்ற வரைக்கும் வருவேன்."

வகுப்பில் கடைசி நாள்வரை அவர் எதிரேதான் உட்கார்ந்தேன். தையில் மலை மடத்தில் சேர்ந்தேன். வாதப்பாடத்தில் தேறியவனாகத்தான் சேர்ந்தேன்.

வழியனுப்ப வேதாசலம் பேருந்து நிலையம் வரை வந்தார். என் பையைத் தூக்கிவந்தார். முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார்.

வண்டி நகர்ந்தபோது, "போய்ட்டு வாரும்" என்றார்.

அவர் சொல்ல வேண்டிய வார்த்தை அதுவல்ல.