சராசரிக் களைப்பு

உப்போடைப்பட்டியில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது அப்படியே இருந்தது.

அந்த ஊர்ச் சங்கையா, போன பங்குனியில் பாறைக்கரடு ஊர்க்காரர்களோடு இளவட்டக்கல் தூக்கும் போட்டியில் தன் கிடாவைப் பந்தயம் வைத்துத் தோற்றான். அவர்கள் அதைக் கொழுக்க வைத்து இந்த வருஷப் பரிசாக நிறுத்தினார்கள். சங்கையா அந்த உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றினால் கிடா வீடு திரும்பும். இல்லாவிட்டால் அன்றே குழம்பாகிவிடும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் கூட்டாளிகள் நான்கு பேரும் டவுனிலிருந்து ஒரு வாத்தியாரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஓர் இரும்புத் தண்டையும் எடைத் தட்டுகளையும் இறக்கிவைத்தார்.

"உடம்பு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காதுப்பா. அதனால எடை இவ்வளவுன்னு எழுதிவச்சுத் தூக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் தூக்கினதும் கஷ்டம் பத்துக்கு எத்தனைன்னு கேளுங்க. இனிமே முடியவே முடியாதுன்னா பத்து. ஆறுக்குக் கீழ வந்தா தட்டை ஏத்துங்க, எட்டுக்கு மேல போனா இறக்குங்க. அவ்வளவுதான்."

இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்ட நிம்மதியில் அவர் பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் சங்கையா தண்டைத் தூக்கி இறக்கினான்.

"எத்தனை மாப்ளே?" என்றான் காத்தமுத்து. அவன் ஐந்தாம் வகுப்புவரை போனவன். ஊருக்கே கணக்கு அவன்தான்.

"பத்து," என்று மூச்சு வாங்கினான் சங்கையா.

ஒருவன் தட்டைக் கழற்றப் போனான்.

"பொறுடா," என்றான் காத்தமுத்து. "ஒருத்தன் பேச்சை மட்டும் கேட்டு முடிவு பண்றது என்ன நியாயம்? இங்க அஞ்சு பேரு இருக்கோம்ல? உடையப்பா, உனக்கு எத்தனை?"

வேப்பமரத்தடியில் படுத்திருந்த உடையப்பன் தன் தொடையை அமுக்கிப் பார்த்தான். தோளையும் அமுக்கிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையேண்ணே. பூஜ்யம்."

மற்ற இருவரும் பூஜ்யம் என்றார்கள். காத்தமுத்துவும் நேர்மையாகத் தனக்கு ஒரு பூஜ்யம் போட்டுக்கொண்டான்.

"மொத்தம் பத்து. அஞ்சு பேருக்கு ஆளுக்கு ரெண்டு. வெறும் ரெண்டு! ஏத்துங்கடா தட்டை."

ஏற்றினார்கள். மறுபடியும் இரண்டுதான் வந்தது. மூன்றாம் நாள் தட்டுகள் தீர்ந்து, ஆட்டுக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தண்டு தரையைவிட்டு எழும்பவில்லை.

"பத்து! பத்துடா பாவிகளா!" என்று கத்தினான் சங்கையா.

"கத்தினாலும் பத்து பத்துதான் மாப்ளே," என்றான் காத்தமுத்து வருத்தத்தோடு.

அப்போது உடையப்பன் எழுந்து உட்கார்ந்தான். "அவனைச் சொல்லிக் குத்தமில்லைண்ணே. அவன் படுற கஷ்டத்தை நாமதான் சும்மா இருந்து கெடுக்கிறோம்."

இது எல்லோருக்கும் சுருக்கென்றது. அன்றிலிருந்து சங்கையா தூக்கும்போதெல்லாம் நால்வரும் ஊரைச் சுற்றி ஓடினார்கள். நாக்குத் தள்ள வந்து விழுந்து, பத்து, பத்து, ஒன்பது, பத்து என்றார்கள். சராசரி எட்டைத் தாண்டியது. தட்டை இறக்கினார்கள். தினமும் ஓடினார்கள், தினமும் இறக்கினார்கள். இரண்டே வாரத்தில் தட்டுகள் போயின, தண்டும் போனது. சங்கையா வெறுங்கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றான்.

"உனக்கு எத்தனை?"

"பூஜ்யம்."

"எங்க நாலு பேருக்கும் பத்துப் பத்து, நாப்பது. அஞ்சு பேருக்கு ஆளுக்கு எட்டு. ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம்." காத்தமுத்துவின் கண் கலங்கிவிட்டது. "இதுதாண்டா மாப்ளே உனக்குச் சரியான எடை!"

போட்டி நாள் வந்தது. பாறைக்கரட்டுத் திடலில் சங்கையா கல்லைக் கட்டிப்பிடித்தான். கல் அசையவில்லை. நால்வரும் கடமை தவறாமல் திடலைச் சுற்றி ஓடிவந்து விழுந்தார்கள்.

"எல்லாருக்கும் பத்து! எடையை இறக்குங்கடா!" என்றான் காத்தமுத்து.

இறக்குவதற்கு அங்கே கல் மட்டும்தான் இருந்தது. நால்வரும் அதைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அந்தக் கல்லை ஒருவன் கொண்டுபோவான் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. சங்கையா வெறுங்கையைத் தலைக்கு மேல் தூக்கி நடுவருக்குக் காட்டிவிட்டு, அவர்கள் பின்னால் போனான்.

அரை மைல் போனதும் நடுவர் கிடாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். "அய்யா சாமி! அது எங்க முப்பாட்டன் காலத்துக் கல்லு. இந்தக் கிடாவைப் பிடிச்சுக்கிட்டுக் கல்லைக் கீழ போட்டுட்டுப் போங்க!"

சங்கையா கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். கல்லைப் போட்டுவிட்டு எல்லோரும் நடந்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் காத்தமுத்து நின்றான். "இப்ப எத்தனை?"

ஆளுக்கு ஒன்று என்றார்கள். கிடாவைக் கேட்டார்கள். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"பூஜ்யம். ஆறு பேருக்குப் பங்கு வச்சா ஆளுக்கு ஒண்ணுகூடத் தேறாது!" என்று அலறினான் காத்தமுத்து. "ஏத்தறதுக்கும் கையில ஒண்ணுமில்லை. ஓடுங்கடா!"

ஓடினார்கள். ஓடிக்கொண்டே கணக்குப் போட்டான். "நமக்கு எட்டு எட்டு, நாப்பது. கிடாவுக்கு ரெண்டு. ஆளுக்கு ஏழு! இப்படியே போகணும், யாரும் நிக்காதீங்க!"

உப்போடைப்பட்டி வந்தது. சங்கையாவின் பெண்டாட்டி கிடாவைக் கண்டு, கையில் தழையோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"நிக்க முடியாது புள்ள!" என்று கத்தியபடி சங்கையா கிடாவோடு வீட்டைத் தாண்டி ஓடினான். "நின்னா ஆறுக்குக் கீழ போயிரும்!"

அடுத்த ஊரில் பார்த்தவர்கள், கிடாதான் முன்னால் போனது என்றார்கள்.